நிம்மதி எலிகள்

மன அழுத்தம் மூளையை என்ன பாடு படுத்துகிறது என்று கண்டுபிடிக்கத்தான் அந்த ஆய்வுக்கூடத்தையே கட்டியிருந்தார்கள். எலிகளின் மூளையை, என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே வேலை பார்த்த மனுஷர்களின் மூளை என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு யாரும் நிதி ஒதுக்கவில்லை.

கூடத்தின் தலைவரை முகத்துக்கு நேரே 'சார்' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'இடி'. காரணம் சொல்ல வேண்டியதில்லை. காலை வணக்கத்தையே அவர் திட்டுகிற மாதிரிதான் சொல்வார். தினமும் பத்து மணிக்கு எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு 'அஞ்சு நிமிஷம் பேசலாம்' என்று ஆரம்பிப்பார். அந்த அஞ்சு நிமிஷம் பதினொன்றரைக்கு முடியும். பேசுவது அவர் மட்டும்தான். மற்றவர்கள் தரையில் எத்தனை ஓடு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

அவரிடம் ஐந்து வருஷமாக முனைவர் பட்டத்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவளுக்கு 'ஊசிக்காரி' என்று பேர். அவள் கையில் எப்போதும் ஒரு கண்ணாடி ஊசி இருக்கும். முடியைவிடப் பல மடங்கு மெல்லிய நுனி. எலி மூளையிலிருந்து சீவி எடுத்த துண்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ஒரே ஒரு செல்லின் மேல் அந்த நுனியைக் கொண்டுபோய் முட்டுவாள். பிறகு ஊசியோடு சேர்ந்த ரப்பர் குழாயை வாயில் வைத்து மெல்ல உறிஞ்சுவாள். மூச்சு கொஞ்சம் கூடினால் செல் கிழிந்துவிடும், குறைந்தால் ஒட்டாது. லட்சக்கணக்கில் விலை போட்டு வாங்கிய கருவிகளுக்கு நடுவே, கடைசி வேலையை ஒருத்தியின் உதடுதான் செய்ய வேண்டும். அந்த நேரம் பார்த்து இடி கதவைத் திறந்து, "இன்னும் எத்தனை செல்லு?" என்பார். செல் போய்விடும். "கவனம் பத்தல உனக்கு" என்று சொல்லிவிட்டு அவரும் போய்விடுவார்.

அவள் தேடியது இதைத்தான். மூளையின் முன்பக்கத்தில் சில செல்கள் இருக்கின்றன. அடுப்பில் பால் வைத்தது, இப்போது கேட்ட கேள்வி, சொல்ல வந்த பதில், இப்படிச் சில நொடிகளுக்கு வேண்டிய சங்கதியை அவை ஒன்றையொன்று தட்டி எழுப்பிக்கொண்டே பிடித்துவைத்திருக்கும். செல்லின் சவ்வில் குட்டிக் குட்டி வாசல்கள் உண்டு, அயனி வாய்க்கால் என்று பேர். பயமும் பதற்றமும் கூடினால், பொட்டாசியம் வெளியேறுகிற வாசல்கள் திறந்துகொள்ளும். செல் சோர்ந்துபோகும். பிடித்துவைத்திருந்த சங்கதி கை நழுவிப்போகும்.

இதை நிரூபிக்க இரண்டு கூட்டம் எலிகள். ஒரு கூட்டத்தைத் தினமும் அரை மணி நேரம் நகர முடியாத குழாய்க்குள் விட்டு வாட்டுவார்கள். அவை 'அவதி எலிகள்'. மற்றதை ஒன்றும் செய்யாமல் சும்மா விட்டுவிடுவார்கள். அவை 'நிம்மதி எலிகள்'. அவதிகளுக்கு வாசல் திறந்திருக்க வேண்டும், நிம்மதிகளுக்கு மூடியிருக்க வேண்டும். அவ்வளவுதான் மொத்த ஆராய்ச்சியும்.

அவதிகளுக்கு வாசல் திறந்திருந்தது. நல்லது. நிம்மதிகளுக்கு அதைவிட அகலமாகத் திறந்திருந்தது.

"சும்மா இருக்கிற எலிக்கு என்னடி கவலை? வீட்டுக் கடனா?" என்று இடி இடித்தார். "உன் கைதான் சரியில்ல. திரும்பச் செய்!" திரும்பச் செய்தாள். அதே கதை. மறுபடியும் செய்தாள். இதற்குள் பல்கலைக்கழகம் அவளுக்கு இரண்டு முறை கெடு நீட்டிவிட்டது. மூன்றாவது தடவை நீட்டுகிற வழக்கம் இல்லை. இந்தப் பருவம் முடிவதற்குள் வாய்மொழித் தேர்வில் தேறினால் பட்டம், இல்லையென்றால் ஐந்து வருஷமும் அம்போ.

வீட்டில் அவள் போனைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு அரை மணி நேரம் தேடினாள். கணவன் எடுத்துக் கொடுத்து, "சூடாயிடுச்சுன்னு வெச்சியா?" என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

முடிச்சை அவிழ்த்தது கூண்டுகளைப் பார்த்துக்கொள்கிற எலிக்காரர்தான். படிப்பு எட்டாவது. கூண்டுக்குள் கையை விட்டால் எந்த எலிக்கு என்ன வருத்தம் என்று சொல்லிவிடுவார். அவர் பேச்சைக் குறிப்பேட்டில் எழுதுவதில்லை, பின்னே, அவருக்குத்தான் பட்டம் இல்லையே.

"ஏன்ணே, இந்த நிம்மதி எலிங்க நிஜமாவே நிம்மதியாத்தான் இருக்கா?" என்று ஒருநாள் வெறுத்துப்போய்க் கேட்டாள்.

"எங்கேம்மா! பத்து மணி ஆச்சுன்னா அத்தனையும் மூலையில போய் ஒண்ணு மேல ஒண்ணா அமுங்கிக்குது. தீனி வெச்சாலும் தொடறதில்ல. சாரோட தொண்டை ஆபரேஷன் சமயத்துலதான் பாவம், நல்லா சாப்பிட்டுச்சுங்க. கை மேலயே ஏறி உக்காந்துச்சுங்க."

ஊசிக்காரிக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாக ஓடியது. கூடத்தில் குளிர்சாதனம் ஒழுங்காக வேலை செய்தது இடியின் அறையிலும் அதை ஒட்டிய சின்ன அறையிலும்தான். 'நிம்மதி எலிக்கு ஒரு குறையும் வரக் கூடாது' என்று பார்த்துப் பார்த்து அவற்றை அந்தச் சின்ன அறையில் வைத்தவள் அவளேதான்! நடுவில் இருந்தது ஒரு பலகைத் தடுப்பு. அவதி எலிகளையோ, அவற்றின் கீச்சொலி நிம்மதிகளைக் கலைத்துவிடும் என்று கீழ்த்தளத்தில் கொண்டுபோய் வைத்திருந்தாள். பாவப்பட்ட அவதிகள் நாளில் அரை மணி நேரம் குழாயில் கிடந்துவிட்டு, மீதி இருபத்துமூன்றரை மணி நேரமும் மகாராஜாவாகத் தூங்கின. நிம்மதிகள் தினமும் இடியைக் கேட்டன.

ஓடிப்போய்ப் பதிவுகளைத் தேதிவாரியாக அடுக்கினாள். கத்திக் கத்தி இடியின் தொண்டையில் கட்டி வந்து, மூன்று வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த காலம் ஒன்று உண்டு. அப்போதும் தினமும் வந்தார், சீட்டில் எழுதியே திட்டினார். அடிக்கோடு போட்டுப் போட்டுக் காகிதத்தைக் கிழித்தார். ஆனால் எலிகளுக்குப் படிக்கத் தெரியாதே. அந்த மூன்று வாரத்து நிம்மதி எலிகளுக்கு வாசல்கள் கச்சிதமாக மூடியிருந்தன.

சந்தேகத்துக்கு இடம் வைக்காமல், எலிக்காரரும் அவளுமாக ஆறு நிம்மதிகளை யாருக்கும் தெரியாமல் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தாள். ஆறுக்கும் வாசல் மூடியிருந்தது.

கண்டுபிடித்தாகிவிட்டது. எப்படிச் சொல்வது?

"நேரா சொல்லிடு" என்றான் கணவன்.

"எப்படி? 'சார், எங்க ஆராய்ச்சியில பெரிய வியாதியே நீங்கதான்'னா? ஆய்வேட்டுல கையெழுத்து யாரு போடறது, உங்கப்பாவா?"

கடைசியில் கோழைகள் எழுதுகிற மாதிரியே எழுதினாள்: 'அடுத்த அறையிலிருந்து வந்த ஓசை ஒரு காரணமாக இருக்கக்கூடும்.' இடி அவளுடைய ஆய்வேட்டில் ஒழுங்காகப் படித்தது கடைசியில் வரும் மேற்கோள் பட்டியலை மட்டும்தான், தன் பேர் எத்தனை இடத்தில் வருகிறது என்று. இருந்தாலும் இந்த வரி அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"ஓசையா? என் ரூம்லேருந்தா?" கொஞ்ச நேரம் யோசித்தார். "அந்த ஏசி மெஷின்தான்! நான் அப்பவே சொன்னேன்!" அந்த வரியை 'ஏசி இயந்திர ஓசை' என்று திருத்தவைத்துவிட்டு, பராமரிப்புப் பொறியாளரை வரவழைத்து ஒரு மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். ஓசையால் எலிகள் எவ்வளவு கஷ்டப்படும் தெரியுமா என்று தடுப்பு அதிரக் கேட்டார். ஊசிக்காரி பக்கத்தில் நின்றுகொண்டு தரை ஓடுகளை எண்ணினாள். பொறியாளரின் முகத்தைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

தேர்வு நாள் வந்தது. நீள மேசையின் ஒரு தலையில் இடி, மறுதலையில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மாள். ஒல்லி உடம்பு, மெல்லிய குரல், ஆய்வேட்டில் பக்கத்துக்கு நாலு மஞ்சள் சீட்டு. வரி விடாமல் படித்திருக்கிறார் என்று பார்த்ததுமே ஊசிக்காரிக்குப் பாதி உயிர் போயிற்று. பின்வரிசையில் எலிக்காரர், முதல் தடவையாகச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு அம்மாள் ஒரு மஞ்சள் சீட்டைப் பிரித்தார்.

"இந்த மூணு வாரம் மட்டும் எலிங்க அமைதியா இருந்திருக்கு. அப்போ ஏசி மெஷினை நிறுத்தி வெச்சிருந்தீங்களா?"

"இல்லைங்க மேடம். ஓடிட்டுத்தான் இருந்துச்சு."

"அப்போ வேற எந்தச் சத்தம் நின்னுச்சு?"

பதில் அவளுக்குத் தெரியும். அந்த அறையில் அதைச் சரியாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், ஒருத்தி அவள், இன்னொருத்தர் பின்வரிசையில் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். சொன்னால் கையெழுத்து போச்சு. சொல்லாவிட்டால், தன் ஆய்வையே விளக்கத் தெரியாதவள் என்று பட்டம் போச்சு. ஏதாவது சப்பைக்கட்டு கட்டலாமென்று பார்த்தால் அதுகூட வரவில்லை. கேள்வியின் தலை நினைவிருந்தது, வால் இல்லை. உள்ளே எத்தனை வாசல் திறந்து எவ்வளவு பொட்டாசியம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவளால் கணக்குப் போட்டுச் சொல்ல முடியும், பதிலை மட்டும் சொல்ல முடியவில்லை.

பத்து நொடி போயிருக்கும். இடிக்கு அது தாங்கவில்லை. மேசையில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

"சொல்லேன்! அஞ்சு வருஷமா என்னத்தைக் கிழிச்சே? வாயில என்ன கொழுக்கட்டையா? எத்தனை தடவை சொல்லிக்குடுத்திருக்கேன்! பேசு!"

தண்ணீர் டம்ளர் துள்ளிக் கவிழ்ந்தது. தேர்வாளர் அம்மாள் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. எலிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

அம்மாள் குனிந்து பேனாவை எடுத்தார். நிமிர்ந்தார். ஊசிக்காரியைப் பார்த்தார், கையிலிருந்த மஞ்சள் சீட்டைப் பார்த்தார். முகத்தில் ஒரு குழப்பம்.

"நான்… இப்போ என்ன கேட்டேன்?"

அம்மாள் சீட்டில் தான் எழுதியிருந்ததைத் தானே மெதுவாகப் படித்தார். பிறகு தலையைத் தூக்கி மேசையின் மறுதலையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? இந்தத் தேதியில நீங்க ஊர்ல இல்லையோ?"

"இருந்தேனே! தொண்டை ஆபரேஷன். மூணு வாரம் ஒரு வார்த்தை பேசல. ஆனா ஒருநாள் லீவு போட்டதில்ல, கேட்டுப் பாருங்க!" என்றார் இடி, பெருமையாக.

அம்மாள் ஒரு பெருமூச்சு விட்டார். "போதும்மா" என்றார் ஊசிக்காரியிடம். "நீ சொல்ல வேண்டாம். எனக்குப் பதில் கிடைச்சிருச்சு." அந்தப் பக்கத்தில் ஏதோ எழுதிவிட்டு, முகப்புக்குத் திருப்பி, தேர்ச்சி என்று கையெழுத்துப் போட்டு, ஆய்வேட்டை மேசையின் குறுக்கே இடியிடம் தள்ளினார். "நீங்களும் போடுங்க சார். ஆராய்ச்சிக்கு உங்க பங்களிப்பு இல்லேன்னா இந்த முடிவே வந்திருக்காது."

இடிக்கு வாயெல்லாம் பல். போட்டார்.

ஊசிக்காரிக்குச் சந்தோஷமாக இருந்ததா என்றால், இருந்தது. கூடவே ஆத்திரமாகவும் இருந்தது. ஐந்து வருஷம் உயிரை விட்டுக் கண்டுபிடித்ததைத் தன் வாயால் சொல்லத் துப்பில்லை, அதையும் அந்த மனுஷன் வாயே சொல்ல வேண்டியிருந்ததே என்று.

வெளியே தாழ்வாரத்தில் இடி ஊசிக்காரியையும் இன்னும் நாலு பேரையும் நிறுத்திவைத்து முழங்கிக்கொண்டிருந்தார். "பேய் முழி முழிச்சுட்டு நின்னா! நான் மட்டும் அந்த நேரத்துல ஒரு அதட்டு அதட்டலேன்னா இவ பாஸாகியிருப்பாளா? நீயே சொல்லு!"

"சத்தியமா ஆகியிருக்க மாட்டேன் சார்" என்றாள் ஊசிக்காரி, மனதார.