அசுசேனாவைப் பிடித்த துரு

துரியால்பா எரிமலைச் சரிவில் இருக்கிற அந்த ஊரில் மாட்டைக்கூட ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவார்கள். கணவன் மனைவியிடம், தாய் பிள்ளையிடம், ஏன், பாலைக் கவிழ்த்துவிட்ட நாயிடமும் அதே மரியாதைதான். அதனால் லிமோன் பக்கத்திலிருந்து கறிமாடு வாங்க வந்த லாரிக்காரர் அசுசேனா என்ற பசுவின் தொடையில் தட்டி, “ஏய், திரும்பு பாப்போம்” என்றபோது அதை வளர்க்கிற ஒடிலியாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“அவங்க திரும்ப மாட்டாங்க. நீங்க வேணா சுத்திப் போய்ப் பாருங்க” என்றாள்.

லாரிக்காரர் சிரித்துக்கொண்டே சுற்றிப் போனார்.

லாரிக்காரரை வரவழைத்தது ஒடிலியாவின் தம்பி அபெலார்தோ. அந்தச் சரிவில் முக்கால்வாசி மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவன் அவன்தான். அசுசேனாவுக்கு மூன்று முறை போட்டுவிட்டான். மூன்று முறையும் சரியாக இருபத்தொன்றாம் நாள் அது மறுபடி பருவத்துக்கு வந்து கத்த ஆரம்பித்துவிட்டது. சினை நிற்காத மாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவன் கட்சி. இன்னும் ஒரே ஒரு தடவை என்பது ஒடிலியாவின் கட்சி. கடைசியில் உடன்பாடு ஆயிற்று. நாலாவது ஊசியும் நிற்காவிட்டால் லாரி வரும். அவள் குறுக்கே நிற்கக் கூடாது. லாரிக்காரரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

அசுசேனா ஒரு ஜெர்சி மாடு. ஒடிலியாவின் கணவன் எவெலியோ, மலையில் இன்னும் உயரத்தில் இருந்த மேல் பண்ணையில் வளர்த்த பரம்பரையில் அதுதான் கடைசி. தாலியா, அமபோலா, வியோலேதா என்று எல்லாப் பசுக்களுக்கும் பூக்களின் பெயர். மலை சாம்பல் கக்க ஆரம்பித்த வருஷம் மேலே இருந்தவர்கள் எல்லாரும் இறங்க வேண்டியதாயிற்று. சில மாடுகள் இருமிச் செத்தன, மற்றவற்றை விற்றார்கள். கீழே தம்பியின் பண்ணைக்கு வந்து சேர்ந்தது ஒரு கிடாரிக் கன்று மட்டும்தான், இந்த அசுசேனா. இரண்டு வருஷத்தில் எவெலியோவும் நெஞ்சடைத்துப் போய்ச் சேர்ந்தான். அசுசேனா போட்ட இரண்டு கன்றும் காளை. இரண்டாவது ஈற்றில் நஞ்சுக்கொடி விழாமல் ஐந்து நாள் உள்ளேயே தங்கி நாறிவிட்டது. அதிலிருந்துதான் இந்த அவஸ்தை.

பாலாடைக்கட்டி போடும்போது ஒடிலியாவின் கை தானாக வேலை செய்யும், மனம் மேல் பண்ணையில் இருக்கும். அங்கே மூடுபனி இறங்கினால் மாடுகளைக் கண்ணால் தேடிப் பயனில்லை, மூச்சுச் சத்தத்தைக் கேட்டுத்தான் போக வேண்டும். எவெலியோ கதவடியில் நின்று ஒவ்வொரு பெயராக இழுத்துப் பாடுவான். பெயருக்குரிய மாடு மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து வெளியே வரும், மற்றவை காத்திருக்கும். காபி வடிகட்டும் துணியில் வெந்நீர் ஊற்றிவிட்டு அவள் ஜன்னலில் நின்று அதைப் பார்ப்பாள். அந்த நாளில் எந்த மாட்டுக்கும் இரண்டாவது தடவை காளையைக் காட்ட வேண்டி வந்ததில்லை. காரணம் அந்த இடத்தின் ராசி என்று அவள் நம்பினாள்.

நாலாவது ஊசிக்கு முன் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். டாக்டர் யமிலெத் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தாள். குட்டையான பெண், உரத்த குரல். மாட்டின் கண் இமையை விலக்கிப் பார்த்தாள், கையுறை மாட்டி உள்ளே சோதித்தாள். கருப்பையில் புண் ஆறிவிட்டது, குறை ஒன்றும் தெரியவில்லை என்றாள். பிறகு கொட்டகையைப் பார்த்தாள். மூன்று பக்கமும் பலகை அடைத்து, சாம்பல் புகாமல் பிளாஸ்டிக் படுதா தொங்கிற்று. மூலையில் விலைக்கு வாங்கிய வைக்கோல் கட்டுகள் உத்தரம்வரை அடுக்கியிருந்தன.

“மத்த மாடெல்லாம் எங்கே?”

“வெளியே மேயுதுங்க” என்றான் அபெலார்தோ. “இவங்க மட்டும் மகாராணி. அக்கா வெளியே விடவே மாட்டாங்க.”

“அதுங்களுக்குச் சினை நிக்குதா?”

“ரெண்டாவது ஊசிக்குள்ள நின்னுடுது. சிலது என்னப் பார்த்தாலே நின்னுடுது.”

டாக்டர் சிரிக்கவில்லை. மேலே இருந்தபோது இந்தப் பரம்பரை எப்படி இருந்தது என்று ஒடிலியாவிடம் கேட்டாள். கேட்கத்தான் ஆளில்லாமல் இருந்தது. ஒடிலியா பனியைச் சொன்னாள், பாட்டைச் சொன்னாள், பெயர் கேட்டு ஒவ்வொன்றாக வரும் மாடுகளைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் கண் கலங்கிவிட்டது. டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவள் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், மரியாதைக்கு ‘தோன்யா’ சேர்த்து மெதுவாகச் சொன்னாள்.

“எல்லாம் சரிதான், தோன்யா ஒடிலியா. நான் கேட்டது, மாடு என்ன சாப்பிட்டுதுன்னு.”

 இத்தனை வருஷமாக ஒடிலியா அந்தப் பண்ணையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு நினைவிருந்தது, மாட்டின் வாயில் என்ன இருந்தது என்பது நினைவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தாள்.

“புல்லுதான்” என்றாள் கடைசியில். “பனி ஈரத்தோட கிக்குயுப் புல்லு. எவெலியோ சந்தையிலேர்ந்து கழிச்சுப்போட்ட சவ்சவ்வைச் சாக்குல கொண்டுவருவார். வைக்கோலா? அதை நாங்க கண்ணாலகூடப் பார்த்ததில்ல.”

டாக்டர் அவளை வெளியே அழைத்துப்போய் கொட்டகைக் கூரையைக் காட்டினாள். சாம்பல் வருஷங்களில் அந்தச் சரிவு முழுக்கத் தகரம் துருப்பிடித்திருந்தது. அபெலார்தோ மட்டும் பாதிக் கூரைக்கு வர்ணம் அடித்திருந்தான். அடித்த பாதி பளபளத்தது, அடிக்காத பாதி செம்பழுப்பாகப் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

“மாட்டு உடம்புக்குள்ளயும் இப்படித்தான்” என்றாள் டாக்டர். “மூச்சு விடுறது, பால் சுரக்கிறது, கன்னு போடுறது, எல்லா வேலையிலயும் உள்ள கொஞ்சம் துரு உண்டாகும். பச்சைத் தீவனம்தான் அதுக்கு வர்ணம். வைக்கோல் வெயில்ல காஞ்சு மாசக்கணக்கா கிடந்தா அந்தச் சத்து போயிடும். நம்ம எரிமலை மண்ணுல செலினியம்ங்கிற தாதுச்சத்தும் குறைச்சல். நஞ்சுக்கொடி தங்கினது அதனாலயா இருக்கலாம். கருமுட்டை துருவோட வந்தா எத்தனை ஊசி போட்டும் நிக்காது.”

“நான் நல்லா வச்சுக்கணும்னுதான்...” என்று ஒடிலியா ஆரம்பித்தாள்.

“சாம்பல் விழுந்தப்ப நீங்க செஞ்சது சரி. சாம்பல் நின்னு எவ்வளவு நாளாச்சு?”

ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. 

செலினியமும் வைட்டமின் ஈ-யும் கலந்த ஊசியைப் போட்டுவிட்டு, அறுபது நாள் அவசரப்படாதீர்கள், பருவம் வந்தாலும் விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிப் போனாள். அபெலார்தோ முணுமுணுத்தான். அறுபது நாள் வெறுமனே தீனி போட வேண்டுமா என்றான். பிறகு அவனே படுதாவைக் கழற்றிச் சுருட்டினான்.

மறுநாள் காலை ஒடிலியா கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றாள். அசுசேனா வாசற்படிவரை வந்தது. வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றது.

“போங்க” என்றாள். “போங்கம்மா, நான் இங்கதான் இருக்கேன்.”

அது அரைமணி நேரம் நின்றது. வேலியில் மற்ற மாடுகள் கல்யாண முருங்கையின் தழையை எட்டி இழுத்து மெல்லும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நோக்கித்தான் அசுசேனா கடைசியில் போயிற்று. ஒரு கொத்துத் தழையைப் பிடுங்கிய வேகத்தில் வேலியே ஆடிற்று. ஒடிலியாவின் நினைவில் இருந்த மேல் பண்ணை சத்தமே இல்லாதது, பனியும் பாட்டும் மட்டும்தான். மாடுகள் மெல்லுகிற இந்தச் சத்தம் அங்கேயும் இருந்திருக்கும். அவள்தான் கேட்காமல் விட்டிருக்கிறாள்.

அறுபத்தைந்தாம் நாள் பருவம் வந்தது. அபெலார்தோ நாலாவது சினை ஊசியைப் போட்டுவிட்டு, வாலடியில் சிவப்புச் சாயக் கட்டியால் பட்டையாகத் தீட்டினான். மறுபடி பருவம் வந்தால் மற்ற மாடுகள் மேலே ஏறும், ஏறினால் தீட்டல் அழியும். கண்ணுக்குத் தப்பினாலும் அந்தச் சிவப்புக்குத் தப்பாது.

பத்தொன்பதாம் நாளிலிருந்து ஒடிலியா பாலைத் திரிய விட்டுவிட்டு மேய்ச்சல் நிலத்தில்தான் இருந்தாள். இருபத்தொன்றாம் நாள் காலை ஒரு கறுப்புப் பசு அசுசேனாவின் முதுகில் தாடையை வைத்தது. ஒடிலியா எழுந்து பார்த்தாள். அசுசேனா ஏற இடம்கொடுத்து நிற்கவில்லை. ஓர் அடி முன்னே போட்டு, திரும்பி ஒரு முட்டு முட்டிவிட்டு மேயப் போயிற்று. இருபத்துநாலாம் நாளும் சிவப்பு அப்படியே இருந்தது.

அபெலார்தோ அன்றே லாரிக்காரருக்குப் போன் செய்து இந்தப் பக்கம் வர வேண்டாம் என்றான். டாக்டர் சோதிக்கும் முன்பே எதற்கு அவசரம் என்று ஒடிலியா கேட்டதற்கு, எத்தனை மாட்டைப் பார்த்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னான்.

நாற்பது நாள் கழித்து டாக்டர் யமிலெத் கையுறையோடு குனிந்தாள். எதையோ தேடுகிறவளைப் போலக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கையை வெளியே எடுத்து, வாளித் தண்ணீரில் கழுவியபடியே, “சினை உட்கார்ந்திருக்கு” என்றாள்.

ஒடிலியா அசுசேனாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதன் வாயிலிருந்து பச்சைத் தழை வாசம் அடித்தது. டாக்டருக்கு வெல்லத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்தபோது, அபெலார்தோ மிச்சமிருந்த வைக்கோல் கட்டுகளை அவிழ்த்து மாடுகள் படுக்கக் கொட்டகைத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தான்.

“இதுவும் காளையாப் போச்சுன்னா?” என்றான் தலையைத் தூக்காமல்.

“அப்புறம் இன்னொண்ணு போடுவாங்க.”

“காளையா இருந்தா மச்சான் பேரை வச்சுடலாமா?”

“வேணாம். சினை ஊசியே பித்தலாட்டம்பார் அவர். கேட்டா எழுந்து வந்துடுவார்.”

அவன் சிரித்தான். அவள் மிச்ச வைக்கோலை அள்ளிப் பரப்ப ஆரம்பித்தாள். மாலையில் கறவை நேரமாயிற்று. வேலியோரம் மாடுகள் மொத்தமாக நின்றன. ஒடிலியா கதவடிக்குப் போய் நின்று, எவெலியோவின் ராகம் சரியாக வராமல், அசுசேனாவின் பெயரை இழுத்துக் கூப்பிட்டாள். அது தலையைத் தூக்கிப் பார்த்தது. வாயில் இருந்ததை மென்று முடிக்கும்வரை வரவில்லை. அவள் காத்திருந்தாள்.