நாலாவது கை

அந்த வீட்டைக் காப்பாற்ற நான் கூப்பிடாத ஆள் இல்லை. சிகாகோவிலிருந்து ஒரு நீதிபதி காரை எடுத்துக்கொண்டு வந்தார். ஓமஹாவிலிருந்து பல் டாக்டரம்மா ஒருத்தி நோயாளிகளைத் தள்ளிப்போட்டுவிட்டு வந்தாள். இரண்டு பேரும் எங்கள் பழைய மாணவர்கள். வளாகத்தில் கறுப்புப் பிள்ளைகளுக்கென்று இருந்தது ஒரே ஒரு வீடுதான். அது இருக்குமா, இல்லை "அனைவருக்குமான மையம்" என்ற பெயரில் வேறொரு கட்டடத்து மூலையில் ஒரு மேசையாக ஒடுங்கிப் போகுமா என்று பல்கலைக்கழகக் குழு அன்றைக்கு முடிவு செய்ய இருந்தது. என் பாதி ஆயுள் அந்த வீட்டை நடத்துவதிலேயே போனது.

அது சும்மா வந்த வீடு இல்லை. சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கிற இந்த வெள்ளைக்காரப் பல்கலைக்கழகத்தில், அறுபத்தொன்பதாம் வருஷம், ஒரு கைப்பிடிப் பிள்ளைகள் தலைவரின் அறை வாசலில் படுத்துக்கொண்டு, எங்களுக்கென்று ஓர் இடம் கொடுக்காமல் நகர மாட்டோம் என்று அடம்பிடித்து வாங்கியது. எங்கள் தலைமுடியை வெட்டத் தெரிந்த ஆள் இன்றைக்கும் இந்த ஊரில் கிடையாது. வீட்டின் சமையலறையில் நாற்காலி போட்டு ஒருத்தருக்கொருத்தர் வெட்டிக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை ஆனால் நான் கெளுத்தி மீன் பொரிப்பேன். கூடத்தில் சீட்டாட்டம் நடக்கும்.

சீட்டு என்றால் இஸ்பேட் ஆட்டம்தான். இரண்டிரண்டு பேர் ஜோடி, இஸ்பேட்தான் எப்போதும் துருப்பு. எங்கள் ஆட்கள் வீட்டில் குழந்தை நடக்கப் பழகும்போதே இதையும் பழகிவிடும் என்பது எங்கள் நினைப்பு. அந்த நினைப்பில்தான் மண் விழுந்தது.

லீலண்ட் முதல் வருஷம் சேர்ந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தான். ஒல்லியான பையன், இஸ்திரி போட்ட சட்டை. வாசலிலேயே நின்றான். ஆட்டத்தில் ஓர் ஆள் குறைந்தது. ஜமாரி என்று ஒரு கடைசி வருஷத்துக்காரன் இருந்தான். வாய் மட்டும் இல்லையென்றால் அவனை நாய் தூக்கிப்போயிருக்கும். அவன்தான் கூப்பிட்டான்.

"டேய் புதுசு! சும்மா தூண் மாதிரி நிக்காத. வா, எனக்கு ஜோடியா உக்காரு. ஆடத் தெரியும்ல?"

பையன் தலையை ஆட்டினான். அந்த வீட்டில் அந்தக் கேள்விக்கு இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

கிளாவர் இறங்கியது. லீலண்ட் இஸ்பேடைப் போட்டு வெட்டினான். இரண்டு சுற்று கழித்து அவன் கையிலிருந்தே ஒரு கிளாவர் விழுந்தது. கையில் அந்த இனம் இருக்கும்போதே துருப்பால் வெட்டுவது எங்கள் ஆட்டத்தில் கொலைக்குற்றத்துக்குச் சமானம். ஜமாரி நாற்காலி மேல் ஏறிவிட்டான்.

"அய்யய்யோ! எல்லாரும் ஓடி வாங்க! கிளாவரை மடியில வச்சுக்கிட்டு வெட்டுறான்! யாருடா உன்னை வளத்தது?"

எதிரே உட்கார்ந்திருந்த ஒக்டேவியா விடவில்லை. "ஐ.டி.யைக் காட்டு தம்பி. நீ நம்மாளுதானான்னே சந்தேகமா இருக்கு."

வீடே குலுங்கிச் சிரித்தது. மீன் கரண்டியோடு நானும் சிரித்தேன். எங்களுக்குள் கிண்டல் என்பது மடியில் உட்காரவைத்துக்கொள்வது மாதிரி. பிடிக்காதவனை நாங்கள் கிண்டல் செய்வதே இல்லை. இது அவனுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தோம். அவனும் சிரித்தான், தட்டில் வைத்த மீனைத் தின்றான், நன்றி சொன்னான். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. படிப்பாளிப் பையன், நேரமில்லை போல என்று நானும் விட்டுவிட்டேன்.

மூன்றாவது வருஷத்தில் மாணவர் பிரதிநிதியாக ஜெயித்து, அந்தக் குழுவில் உட்கார்ந்திருந்தது அவன்தான்.

நீதிபதி பேசினார். டாக்டரம்மா அழுதே விட்டாள். குழுவில் ஒன்றிரண்டு முகங்கள் இளகுவது தெரிந்தது. தலைமை வகித்த டீன் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு லீலண்ட் பக்கம் திரும்பினார்.

"எங்களைவிட உங்களுக்குத்தான் இது நல்லாத் தெரியும். இந்த வீடு உங்களுக்கு என்ன செஞ்சிருக்கு?"

இப்போது மேற்படிப்பில் இருக்கிற ஒக்டேவியா என் கையை இறுக்கிப் பிடித்தாள். காரியம் முடிந்தது என்றே நானும் நினைத்தேன்.

"நான் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கேன்" என்றான் லீலண்ட். "அப்புறம் போகலை."

"ஏன்?"

"எனக்குச் சீட்டாடத் தெரியாது."

எங்கள் வரிசையில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். வேண்டுமென்று இல்லை, பழக்கதோஷம். குழுவில் இருந்த வெள்ளைக்காரர்கள் எங்களையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சொந்தப் பிள்ளைக்கே ஆகாத வீடு எதற்கு என்று கேட்ட அந்தப் பார்வையைப் பார்த்ததும், காரியம் கெட்டது என்று எனக்குப் புரிந்துபோயிற்று. ஓட்டுக்குக் கை தூக்கச் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன், பார்க்கத் தெம்பில்லை. வீடு போயிற்று என்பதை டீன் அம்மாவின் வாயிலிருந்துதான் கேட்டேன்.

கார் நிறுத்துகிற இடத்தில் அவனைப் பிடித்தேன். எனக்குக் கோபம் தலைக்கேறினால் வயதும் தெரியாது, வரம்பும் தெரியாது.

"ஒரு பொய் சொல்லியிருந்தா வாய் வெந்தா போயிருக்கும்? ஒரு வார்த்தை, நல்லா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை! எத்தனை பேரு வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்ட, தெரியுமாடா?"

"நான் வீட்டுக்காகத்தான் கை தூக்கினேன், மிஸ் வெர்னா. நீங்க பாக்கலையா?"

தலையைக் குனிந்திருந்த நான் எங்கே பார்த்தேன்?

"அவங்க கேட்டாங்க. இல்லாததை எப்படிச் சொல்றது?" கார்ச் சாவியை உருட்டிக்கொண்டே இருந்தான். "எங்க ஊர்ல கறுப்புக் குடும்பம்னா நாங்க மட்டும்தான். அம்மாவும் நானும். அந்த ஆட்டத்துக்கு நாலு பேர் வேணும். யாரோட ஆடிக் கத்துக்கறது?"

"அப்ப தெரியும்னு ஏண்டா தலையாட்டின?"

"இங்க வந்தா கத்துக்கலாம்னுதான் வந்தேன். எடுத்ததும் தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தி, "மீன் நல்லா இருந்துச்சு" என்றான்.

நாடு முழுக்கத் தேடினாலும் அந்த வீடு இவனைவிட அதிகமாகத் தேவைப்பட்ட பிள்ளை கிடைத்திருக்க மாட்டான். அறுபத்தொன்பதில் வெறும் தரையில் படுத்தவர்கள் இவனுக்காகத்தான் படுத்தார்கள். அவனை நாங்கள் ஒரு சாயங்காலத்தில், சிரித்துக்கொண்டே, வாயில் மீனை ஊட்டி அனுப்பிவிட்டோம். என்ன செய்ய?

"வெள்ளிக்கிழமை வாடா, நானே சொல்லித்தர்றேன்" என்று சொல்ல வாய் திறந்தேன். எந்த வீட்டுக்கு வரச் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டேன்.