பட்டியலில் மட்டும் இருந்த பெயர்

பேரையூர்ப் பக்கம் முனீஸ்வரி தையல் கூடம் வைத்தது அரசு மானியத்தில்தான். தகரக் கூரை, பத்து மெஷின், பள்ளிச் சீருடை தைக்கும் ஆர்டர். காலனிப் பெண்கள் பத்துப் பேருக்கு வேலை தர வேண்டும் என்பது நிபந்தனை. விண்ணப்பம் எழுதும்போது முதலில் ஆதார் அட்டையை நீட்டியவள் சோலையம்மாள். தயங்கி நின்ற மற்ற ஒன்பது பேரையும் தையல் பயிற்சிக்கு இழுத்து வந்தவளும் அவள்தான்.

கூடம் திறக்கிற நேரத்தில் முனீஸ்வரியின் நாத்தனார் பவதாரிணி வந்து நின்றாள்.

"ஊருக்கெல்லாம் வேலை குடுக்கிறீக மதினி, எனக்கு இல்லையா?"

கணவன் அழகுபாண்டி தங்கச்சிக்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பத்தில் ஒருத்தியை விட வேண்டியிருந்தது. சண்டைக்கு வரமாட்டாள் என்று தெரிந்தே சோலையம்மாளை விட்டாள் முனீஸ்வரி. "அடுத்த ஆர்டர் வரட்டும், கூப்பிடுறேன்" என்று சொல்லி எட்டு மாதம் ஓடிவிட்டது. பேப்பரில் மட்டும் அவள் பெயர் அப்படியே இருந்தது.

பிறகு ஒருநாள் போன் வந்தது. நாளைக்கு அதிகாரி ஆய்வுக்கு வருகிறார், பட்டியலில் உள்ள எல்லோரும் இருக்க வேண்டும். முனீஸ்வரி காலனிக்கு ஓடினாள். பருத்தி எடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள் சோலையம்மாள்.

"நாளைக்கு ஒருநாள் மட்டும் வந்து உக்காந்துட்டுப் போ சோலையம்மா."

அவள் மற்றக் காலையும் கழுவி முடித்தாள். "சரிக்கா, வாரேன்."

மறுநாள் பவதாரிணியை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, அவள் மெஷினில் சோலையம்மாளை உட்கார வைத்தாள். அதிகாரி அவளிடமே வந்து நின்றார்.

"எவ்வளவு நாளா வேலை பாக்குறீங்கம்மா?"

"ஆரம்பத்துலேர்ந்து பாக்குறேன் சார்."

"சம்பளம் ஒழுங்கா வருதா?"

"வருது சார்."

துணியைப் பிடித்திருந்த அவள் விரல்களெல்லாம் பருத்திக்காய் கீறிய தழும்பு. அதிகாரி குறித்துக்கொண்டு நகர்ந்தார். முனீஸ்வரியால் அந்த விரல்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

அதிகாரி போனதும் சோலையம்மாள் எழுந்தாள். முனீஸ்வரி வாசல்வரை பின்னாலேயே போனாள்.

"உள்ளதைச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா இதை மூடிருவாகல்ல. எங்க தெருவுல ஒம்பது பேரு இதை நம்பி இருக்காக. எனக்காக அவுக வேலை போகணுமாக்கா?" சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். "இப்பப் போனா அரை நாள் கூலியாச்சும் கிடைக்கும். போறேன்."

அன்று முனீஸ்வரி சோற்றுத் தட்டை ஒதுக்கிவிட்டு நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"நீ உக்காந்திருக்கிறது சோலையம்மா இடம். எடுத்துக் குடுத்தது என் தப்பு. நாளையிலேர்ந்து வராத."

பவதாரிணி அழுதுகொண்டே போனாள். அழகுபாண்டி ஒரு மாதம் முனீஸ்வரியோடு பேசவில்லை.

முனீஸ்வரி கூப்பிட்டவுடன் சோலையம்மாள் வந்துவிடவில்லை. ஒத்துக்கொண்ட காட்டில் பருத்தி எடுத்து முடித்த பிறகுதான் வந்தாள். மதியச் சாப்பாட்டில் அந்த ஒன்பது பேரோடு சிரித்துப் பேசினாள். முனீஸ்வரி பக்கத்தில் வந்தால் மட்டும் பேச்சு நின்றுவிடும்.

மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று ஒருநாள் அவள் மெஷின் அருகே போய் நின்றாள் முனீஸ்வரி. சோலையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"காலருக்கு எம்புட்டு அளவுக்கா?"

முனீஸ்வரி அளவைச் சொன்னாள். கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பி நடந்தாள்.