ஒத்தக்காலிக்கு முன் சீட்டு

தையல்காரம்மாவைக் குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டார் கண் டாக்டர். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை கண்ணுகளா, பத்து நாள். வலது கண்ணின் விழித்திரையில் ஆபரேஷன். உள்ளே ஒரு காற்றுக் குமிழியை வைத்து மூடியிருந்தார்கள். நிமிர்ந்தால் குமிழி நகர்ந்துவிடும், செய்த வேலை பாழ். அதனால் தின்பது, பேசுவது, சிரிப்பது எல்லாமே தரையைப் பார்த்துத்தான்.

அவளுக்குக் கவலை கண்ணைப் பற்றி இல்லை, கொல்லைப்புறத்தைப் பற்றி. தினமும் காலையில் ஏழு மணிக்கு அங்கே பறவைகளுக்கு இரை வைப்பது அவள்தான். குருவியும் புறாவும் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும். ஒரு மைனாதான் அவள் நினைப்பை விட்டுப் போகவில்லை. ஒரு பாதம் இல்லாத மைனா. ஒத்தக்காலி என்று பெயர் வைத்திருந்தாள். நாலு வருஷமாக ஒரு நாள் தவறாமல் வருகிறது. பத்து நாள் யாரும் கவனிக்காவிட்டால் அது என்ன ஆகும்?

அவள் வீட்டுக்காரர் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். துணி காயப்போடக்கூடக் கொல்லைப்பக்கம் போகாத மனிதர். "இவ்வளவுதானே, நான் பாத்துக்கறேன்" என்றார்.

முதல் நாள், மதில் மேல் நீளமாகக் குருணையைத் தூவிவிட்டு வந்தார். பறவைகள் வந்து மொய்த்தன. பழைய பழக்கம் போகுமா? ஜன்னலில் நின்று, "உள்ள தள்ளிப் போங்க, வழியில நிக்காதீங்க" என்று புறாக்களை அதட்டினார். அவள் தலையணைக்குள் சிரித்தாள். உடம்பு குலுங்கக் கூடாது என்று அதற்கும் திட்டு வாங்கினாள்.

"ஒத்தக்காலி வந்துதா?" என்று கேட்டாள்.

வரவில்லை. ஆனால் முகம் தெரியாமல் பின்னந்தலையை மட்டும் காட்டிக்கொண்டு கிடக்கிறவளிடம் அதை எப்படிச் சொல்வது? "வந்துது. நல்லாத் தின்னுட்டுப் போச்சு" என்றார்.

அடுத்த நாளும் வந்ததாகச் சொன்னார். மூன்றாம் நாள் பொய் நன்றாகக் கைவந்துவிட்டது. ஒத்தக்காலி ஒரு காக்காயை விரட்டியதாம், போகும்போது இவரை ஒரு பார்வை பார்த்ததாம். நாலாம் நாள் அவள் கேட்டாள், எங்கே நின்று தின்றது என்று.

"மதில் மேலதான். எல்லாரோடயும் சேந்து."



"அதால மதில் மேல நிக்க முடியாதுங்க. யாராவது இடிச்சாலே விழுந்துடும்."

மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நாலு நாளாக வரவே இல்லை, நீ மனசை உடைச்சுக்குவியேன்னுதான் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டார். இனி பூசை விழும் என்று காத்திருந்தார். விழவில்லை. தலையணைக்குள்ளிருந்து சின்னக் குரல்தான் வந்தது.

"நானும் உங்ககிட்ட பொய் சொல்லியிருக்கேன். அது கால பூனை கடிச்சுதுன்னேன்ல. பூனை இல்ல. என் நூலு."

அவள் சொன்னதை நான் சுருக்கமாகச் சொல்கிறேன். சாயங்காலம் மெஷினடியில் சேரும் நூல் துண்டுகளைக் கூட்டி எடுத்து, கொல்லையில் செடிகளின் மேல் வீசுவாளாம். கூடு கட்ட ஆகட்டும், புண்ணியமாகப் போகும் என்ற நினைப்பு. அது பாலியஸ்டர் நூல். இழுத்தால் அறாது. மைனாவின் காலில் சுற்றிக்கொண்டு, அது உதற உதற இறுகிவிட்டது. இவள் கண்ணில் பட்டபோது பாதம் கறுத்துச் சுருங்கியிருந்தது. கிட்டே போனால் பறந்துவிடும். ஒரு நாள் பாதம் உதிர்ந்தே போயிற்று. அதற்குப் பிறகு ஒரு நூலையும் அவள் வெளியே விடவில்லை. எல்லாம் ஒரு பழைய தலையணை உறைக்குள்.

இரையும் அதற்குத் தனி. துவைக்கிற கல்லின் மறைவில், பொத்தான் டப்பாவின் மூடியில் பழத்துண்டு வைத்து, டப்பாவை மூன்று தடவை குலுக்க வேண்டும். இதை அவரிடம் சொன்னால், ஏன் இத்தனை உபசாரம் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"அதை முடமாக்குனதும் நான், பட்டினி போட்டதும் நான்னு ஆயிடும்போல" என்றாள்.

அவர் எழுந்து பொத்தான் டப்பாவை எடுத்தார். "முடியாதவங்களுக்கு முன் சீட்டுன்னு பஸ்ஸுல எழுதியே இருக்கும். அதுல உக்காந்தவன எல்லாம் முப்பது வருஷம் எழுப்பிவிட்டவன் நான். எங்கிட்ட சொல்றதுக்கு உனக்கு என்னடி பயம்?"

ஐந்தாம் நாள் மூடி கல்லடியில் இருந்தது, டப்பா மூன்று தடவை குலுங்கியது. திரும்பி வந்தவர், "வரல" என்றார். ஆறாம் நாளும், "இன்னிக்கும் வரல." அவள் சரி என்றாள், அவ்வளவுதான். அந்த இரண்டு நாளும் இரை வைத்தபின் அவர் நெடுநேரம் கொல்லையிலேயே இருந்தார். அவர் முழங்கால் சொடக்கும் சத்தம் மட்டும் அவளுக்குக் கேட்டது. என்ன செய்கிறார் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஏழாம் நாள் டப்பா குலுங்கியது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. வரல என்று சொல்லக்கூட ஆளைக் காணோம். கூப்பிடலாம் என்று அவள் வாயெடுத்தபோது, கல் பக்கமிருந்து கரகரவென்று ஒரு ஏச்சு. கிட்டே யாராவது நின்றால் அது இப்படித்தான் ஏசும். தலையைத் தூக்காமல் இருக்க அவள் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள், பாவம்.

அவர் வர அரை மணி ஆயிற்று. அசைந்தால் பொத்தான் குலுங்கி அது பறந்துவிடுமோ என்று டப்பாவோடு அப்படியே நின்றிருக்கிறார்.

"முன் சீட்டுல உக்காந்தாச்சா?" என்றாள்.

"உக்காந்தாச்சு. தள்ளி நில்லுய்யான்னு கண்டக்டரையே திட்டுது."

அவள் முகத்துக்கு நேர் கீழே, இடது கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து, அவர் தரையில் ஒரு கைப்பிடி எதையோ வைத்தார். மண் ஒட்டிய நூல் துண்டுகள். நீலம், சிவப்பு, பச்சை. நாலு வருஷத்து மழையிலும் மக்காமல் செடி வேர்களில் கிடந்தவை.

"இன்னும் வேலியோரம் பாக்கி இருக்கு" என்றார். "அந்தத் தலையணை உறை எங்க வச்சிருக்க?"