சிவப்புப் பென்சில் அடித்த வரி

அந்த மௌனம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அக்காவின் கை முதலில் காதுக்குப் போனதா, அதிகாரி முதலில் நிமிர்ந்தாரா என்பதிலும் குழப்பம் உண்டு. மனத்துக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்ததில் நினைவே தேய்ந்திருக்கலாம்.

அது ஒரு பழைய இங்கிலீஷ் நாடகம். நிலக்கரிச் சுரங்க முதலாளி ஒருவரின் சாப்பாட்டு அறை. எல்லா அங்கமும் அந்த அறைக்குள்தான். சுரங்கத்தில் தீப்பிடிக்கிறது. தீ பரவாமலிருக்க ஆட்களை உள்ளே வைத்தே சுரங்க வாயை அடைத்துவிடுகிறார் முதலாளி. அவர்களில் ஒருவனின் மனைவி அந்த வீட்டுச் சமையல்காரி. கடைசி அங்கத்தில் முதலாளி விருந்தாளிகளிடம், “அடைக்கும்போது உள்ள யாருக்கும் உயிர் இல்ல” என்கிறார். நாடகம் முழுக்க “ஆகட்டுங்க” என்பதைத் தவிர எதுவும் பேசாத சமையல்காரி அப்போது கேட்கிறாள்: “அப்ப நாங்க கேட்ட தட்டுற சத்தம் யாரோடது?”

முதலாளி பதில் சொல்லாமல் உப்பைக் கேட்பார். திரை விழும்.

அந்தக் காலத்தில் அங்கேயும் நாடகத்துக்கு அதிகாரியின் அனுமதி வேண்டுமாம். அவர் அந்த வரியை விட்டுவிட்டாராம். சமையல்காரி கேட்பதை யார் காதில் போட்டுக்கொள்ளப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார் என்பார் மாமா, என் அக்காவின் கணவர். குழுவை நடத்துபவர் அவர்தான்.

எங்கள் அதிகாரி விடவில்லை, அந்த வரியைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டார். முந்தின வருடம் எங்கள் ஊரில் துணிக் கிடங்கு எரிந்தது. சரக்கு திருட்டுப் போகும் என்று கம்பெனி இரும்பு ஷட்டரைப் பூட்டியது. பூட்டும்போது உள்ளே யாருக்கும் உயிர் இல்லை என்று பிறகு சொன்னது. உள்ளே எங்கள் சின்னவன் இருந்தான், எங்கள் கடைசித் தம்பி. அக்கா தெருவில் நின்று, ஷட்டர் தட்டப்படுவதைக் காதால் கேட்டவள்.

சமையல்காரி வேஷம் அக்காவுக்கு. முதலாளி நான். கம்பெனி சொன்ன பொய்யை அவள் முகத்தைப் பார்த்து நான்தான் சொல்ல வேண்டும்.

அடித்த வரியைக் குழுவில் யார் சொன்னாலும் அரங்குக்குச் சீல், மாமாவுக்குச் சிறை. அனுமதிப் பத்திரத்தில் கையெழுத்து போட்டிருந்தது மாமா.

ஒத்திகை தவறாமல் அதிகாரி தன் பிரதியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். எங்களுக்கு வசனம் எடுத்துக்கொடுக்கும் பெரியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. எங்கள் வழக்கத்தில், வசனம் மறந்தவர் காதைத் தொடுவார். உடனே முழு வரியும் வரவேண்டும். ஒருநாள் நான் காதைத் தொட, யாரும் கேட்காமலே அதிகாரி வரியைக் கொடுத்தார். பிறகு அதுவே பழகிவிட்டது.

“சார், பேசாம எங்க கூடவே வந்துடுங்க. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளமா கிடைக்கும்” என்றாள் விருந்தாளி வேஷம் போட்ட தையல்காரி.

“அது எனக்கு வீட்டுலயே வயிறு நிறைய கிடைக்குதும்மா.”

எல்லோரும் சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாடகத்தன்று ஒப்பனை அறையில் மாமா அக்காவிடம் வந்தார்.

“தம்பி பேசினதும் பாத்திரத்த வச்சுட்டு உள்ள போயிடு. புள்ளைங்கள நெனச்சுக்கோ.”

“வாயத் திறக்க மாட்டேன்.”

“சத்தியமா?”

“இத்தன வருஷமா உங்க கூடக் குடும்பம் நடத்துறேன். திறந்திருக்கேனா?”

மாமா வெளியே போனதும், “அக்கா, என்ன பண்ணப்போற?” என்றேன்.

“நீ உப்பக் கேளு. அது உன் வேல.”

முன்வரிசையில் அதிகாரி. அவருக்குப் பின்னால் கிடங்கில் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்கள்.

என் வசனத்தைச் சொன்னேன். அக்கா பாத்திரத்தை வைக்கவில்லை. அவள் கண் என் மேலேயே இருந்தது. ஓரத்தில் மாமா கையை அசைத்துக்கொண்டே இருந்தார், போ, போ என்று. பாத்திரத்தின் மூடி மட்டும் லேசாகக் கிணுகிணுத்தது. அக்கா இடது கையில் பாத்திரத்தைத் தாங்கிக்கொண்டு, வலது கையால் காதைத் தொட்டாள்.

“அப்ப நாங்க கேட்ட தட்டுற சத்தம் யாரோடது?”

ஒத்திகையில் கொடுப்பது போலவே, அழுத்தம் திருத்தமாக, முன்வரிசையிலிருந்து வந்தது குரல். சொல்லி முடித்த பிறகுதான் அதிகாரி தன் மடியிலிருந்த பிரதியைப் பார்த்தார். பென்சில் உருண்டு விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

நான் உப்பைக் கேட்கவில்லை. அவளைப் பார்த்தபடி நின்றேன். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, “நானும் கேட்டேன்” என்றாள். அப்புறம் இன்னொருவர் எழுந்தார். மாமா திரையை இறக்கினார்.

குழுவில் யாரும் அடித்த வரியைச் சொல்லவில்லை என்று அதிகாரி அறிக்கை கொடுத்தார். அது உண்மை. சொன்னது தான்தான் என்றும் அதே அறிக்கையில் எழுதியிருந்தார். அவருக்கு வேலை போயிற்று. காதை ஏன் தொட்டாய் என்று விசாரணையில் அக்காவைக் கேட்டபோது, “வசனம் மறந்துபோச்சுங்க” என்றாள். மாமா சிறைக்குப் போகவில்லை. ஆனால் அதன் பிறகு நாடகமும் போடவில்லை. சத்தம் கேட்டவர்கள் ஒவ்வொருவராகச் சாட்சி சொன்னார்கள். கிடங்கு மேனேஜர் சிறைக்குப் போனார், முதலாளி போகவில்லை. அக்கா இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் சமைக்கிறாள். நான் அவள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறேன்.