மூச்சுப் பை

விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி செத்துப் பல மாதமாகிவிட்டது. அதனால் அந்த ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து நர்ஸுக்கு நோயாளியின் வாய்தான் மீட்டர். முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போன பெண்களை விடாமல் பேசவைப்பாள். பேச்சு நின்றால் மூச்சைப் பார்க்க வேண்டும்.

அன்று காலை மேஜையில் கிடந்த தையல்காரிக்கு அந்தத் தூண்டுதலே தேவைப்படவில்லை.

"எங்க வீட்டுக்காரரு வெளியில நிக்கிறாரே, பார்த்தீங்களாக்கா? ஆளு பார்க்கத்தான் மலை. எனக்கு ரத்தம் எடுக்க ஊசியை நீட்டினாங்க, இவரு தரையில. என்னை அம்போன்னு விட்டுட்டு எல்லாரும் அவருக்குத் தண்ணி தெளிச்சாங்க."

"பிரசவம் உனக்கு, மயக்கம் அவருக்கா!" என்று நர்ஸ் சிரித்தாள். டாக்டரும் சிரித்தார்.

மரத்துவிட்டதா என்று டாக்டர் இடுக்கியால் வயிற்றைக் கிள்ளியபோது தையல்காரி "வலிக்குது" என்றாள். மருந்து இன்னும் ஏற வேண்டும். தலைப்பக்கம் தாழ்ந்தால் ஏறும். மேஜையைச் சாய்க்கும் கைப்பிடி உடைந்திருந்ததால், வழக்கம்போல வார்டு ஆட்கள் கால்மாட்டைத் தூக்கி மரக்கட்டைகளைச் செருகினார்கள். வலி போனது. கட்டைகளை உருவுவதற்குள் அவர்களை வேறெங்கோ கூப்பிட்டுவிட்டார்கள்.

"ஆரம்பிச்சிடறேன், அப்புறம் எடுத்துக்கலாம்" என்றார் டாக்டர். நர்ஸ் தலையாட்டினாள். பல தடவை அப்படித்தான் நடந்திருக்கிறது, ஒன்றும் ஆனதில்லை.

குழந்தை வீறிட்டது.

"பொண்ணு. உன்னை மாதிரியே வாய்" என்றாள் நர்ஸ்.

"அக்கா... கை..." குரல் காற்றாகத் தேய்ந்து நின்றது. கால்மாட்டில் கட்டைகள் இன்னும் அப்படியே இருந்தன; மருந்து நெஞ்சைத் தாண்டி ஏறி மூச்சை நிறுத்தியிருந்தது.

நர்ஸ் தொண்டையில் குழாயைச் செருகி, மூச்சுப் பையை மாட்டி அமுக்கினாள். மார்பு ஏறி இறங்கியது. நாடி இருந்தது. மருந்தின் வேகம் குறையும்வரை கை ஓயாமல் அமுக்கினால் பிழைத்துவிடுவாள்.

அப்போது கதவை இடித்துக்கொண்டு ஒரு ஸ்ட்ரெச்சர் வந்தது. குழந்தைக்கு முன்னால் தொப்புள்கொடி நழுவி வந்துவிட்ட பெண். கொடி நசுங்காமல் குழந்தையின் தலையை உள்ளே கையால் தாங்கியபடி வார்டு நர்ஸ் குனிந்தே கூட வந்தாள். "கையை எடுத்தா குழந்தை போயிடும், டாக்டர்!"

டாக்டரும் உதவி நர்ஸும் தையல்காரியின் வயிற்றை மூடிக்கொண்டிருந்தார்கள். அறையில் சும்மா இருந்த கை ஒன்றுகூட இல்லை. மயக்க மருந்து நர்ஸ் வாசலைப் பார்த்துக் கத்தினாள்: "தையல்காரி வீட்டுக்காரரு! உள்ள வாங்க!"

மலை உள்ளே வந்தது.

"இதைப் பிடிங்க, தம்பி. நீங்க மூச்சு இழுக்கறப்ப அமுக்குங்க. விடறப்ப விடுங்க. வேற எதுவும் வேணாம்."

"சரி, சிஸ்டர்." மனைவியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நன்றாகவே அமுக்கினார்.

நர்ஸ் ஸ்ட்ரெச்சர் பெண்ணின் முதுகைத் துடைத்தாள். காது பையின் சத்தத்திலேயே இருந்தது. நீள ஊசியை எடுத்து, எப்போதும் செய்வதுபோல, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அது முதுகில் இறங்கி முடிக்கையில் பின்னால் தடாலென்று ஒரு சத்தம்.

காலையில் கேட்டுச் சிரித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பாதியில் உருவினால் இந்தக் குழந்தை இல்லை. மருந்தை மெதுவாகத்தான் செலுத்த வேண்டும். செலுத்திவிட்டுத் திரும்பினாள். விழுந்தவர் பையை விடாமல் பிடித்திருந்ததில் குழாயே பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. தொண்டையெல்லாம் ரத்தம். மறுபடி செருகிய குழாய் வயிற்றுக்குள் போயிற்று. அடுத்ததும் அப்படியே. சரியாக இறங்கியபோது கழுத்தில் நாடி இல்லை.

டாக்டர் மார்பை அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார்.

"கொடியில துடிப்பு குறையுது" என்று வார்டு நர்ஸ் அழுதாள்.

டாக்டர் நிறுத்தினார். உதட்டைப் பிதுக்கிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கையுறையை மாற்றிக்கொண்டு ஸ்ட்ரெச்சரிடம் போனார்.

தரையில் மலை எழுந்து உட்கார்ந்தது. "மன்னிச்சிடுங்க, சிஸ்டர். அந்த ஊசி கண்ணுல பட்டுடுச்சு. குடுங்க, இப்ப நான் அமுக்கறேன்."

நர்ஸ் வாயைத் திறந்தாள். "அக்கா, கால் மரத்துப்போச்சு" என்று ஸ்ட்ரெச்சர் பெண் கூப்பிட்டாள்.

பையை அவர் கையில் கொடுத்தாள். இந்தத் தடவை யாரும் சொல்லாமலே அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மூச்சை இழுத்து அமுக்கினார், விட்டபோது விட்டார்.

"பேசிக்கிட்டே இரும்மா" என்றாள் நர்ஸ், அடுத்தவளிடம்.