பத்தாவது பெயில்

திருச்சானூரில் மூன்று லாட்ஜுகள் தேவசேனாவைத் திருப்பி அனுப்பிவிட்டன. எம்.காம். படித்தவள் மூன்றே மாதத்தில் ஓடிப்போவாள் என்று பயம். நகரியில் அப்பாவின் பவர்லூம் நின்றுவிட்டது. வயிறு நிற்க மாட்டேன் என்கிறதே. அதனால் நான்காவது லாட்ஜில், அறை கூட்டும் வேலைக்கு, "பத்தாவது பெயிலுங்க" என்றாள்.

முதலாளி ரங்கையாவின் முகம் மலர்ந்தது. அவர் தலைக்கு மேலே டிவியில் ஒருவர், காலேஜ் படித்த ஒவ்வொருவரும் நாட்டின் பொருளாதாரத்துக்கு எவ்வளவு பெரிய பலம் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"கேட்டியாம்மா? படிச்சவங்க நாட்டுக்கு லாபமாம். அப்ப நாடே வேலைக்கு வச்சிக்கட்டும். எனக்குப் படிக்காதவங்க போதும்."

வேலை விதிகளை அச்சடிக்கப் போனார். பிரிண்டர் முனகி நின்றது. அதன் தலையில் இரண்டு தட்டு தட்டினார். காகிதம் எங்கே சிக்கியிருக்கிறது என்று தேவசேனாவுக்குத் தெரியும். கைகளைத் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டாள்.

அதே வேலைக்கு வந்து "எட்டாவது" என்று சொல்லியிருந்த எழிலரசனால், பாவம், சும்மா இருக்க முடியவில்லை. எழுந்து பின்மூடியைத் திறந்து, கசங்கிய தாளை உருவினான். பிரிண்டர் ஓடியது.

ரங்கையா அவனை மேலும் கீழும் பார்த்தார். "எந்த காலேஜு?"

"சித்தூரு பக்கங்க. பி.டெக்."

"போ நைனா, போ. நாடு உனக்காகக் காத்துக்கினு இருக்குது."

அவன் வாசலில் செருப்பைத் தேடினான். ரங்கையா அச்சான தாளை தேவசேனாவிடம் நீட்டினார். யாரிடமோ டைப் அடித்து வாங்கிய இங்கிலீஷ். மாதச் சம்பளம் ஒன்பதாயிரத்தை வேலையாள் லாட்ஜுக்குக் கொடுக்க வேண்டும் என்றது மூன்றாவது வரி. கையெழுத்துப் போட்டால் சம்பளம் போச்சு. தப்பைச் சொன்னால் வேலை போச்சு.

தேவசேனா தாளைத் தலைகீழாகப் பிடித்தாள். "இங்கிலீஷு வராதுங்க. நீங்களே படிச்சி சொல்லுங்க."

ரங்கையா எழுத்துக்கூட்டிப் படித்தார். மூன்றாவது வரியில் நின்றார். திரும்பப் படித்தார். பிறகு வாசலைப் பார்த்துக் கத்தினார்.

"ஏ இஞ்சினீரு! செருப்ப அப்புறம் மாட்டு. இத ஒழுங்கா அடிச்சிக் குடுத்துட்டுப் போ."

எழிலரசன் திருத்தி அடித்துக் கொடுத்தான். அவனுக்கு ஒரு டீ கிடைத்தது. தேவசேனாவுக்கு வேலையும் துடைப்பமும் கிடைத்தன.

டம்ளரை வைக்கும் சாக்கில் அவன் குனிந்து கேட்டான். "நீ எந்த வருசம் முடிச்ச?"

"பத்தாவது பெயிலுண்ணா" என்றாள், ரங்கையா காதில் விழும்படி.

அவர் டிவி பக்கம் திரும்பியதும், பெருக்கிக்கொண்டே முணுமுணுத்தாள். "இருவத்திரெண்டுல. எம்.காம். வெளிய சொல்லிடாதண்ணா."